ஆள் வந்து சொன்ன சாவு

கண்ணுங்களா, இதைக் கட்டுக்கதைன்னு நினைச்சுக் கேக்காதீங்க. இதுல வர்ற வீடு வடமாலபேட்டை ரோட்டோரம் இன்னும் இருக்கு. அன்னிக்கு அங்க மாலையோட போய் இறங்கினவங்களும் இருக்காங்க. பயமா இருந்தா பக்கத்துல வந்து உக்காந்துக்கோங்க. சொல்றேன்.

ஆந்திர எல்லையில, விஜயபுரம் பக்கத்துல ஒரு ஊர்ல சிவசங்கரின்னு ஒருத்தி. புருஷன் சிரஞ்சீவியோட சேர்ந்து வேர்க்கடலை போட்டுப் பொழைக்கிறவ. அவ அம்மா வெங்கடம்மா வடமாலபேட்டையில, மகன் கங்கையா வீட்டுல படுத்த படுக்கையா கெடந்தாங்க. ரெண்டு வருஷமா சிவசங்கரி அந்த முகத்தைப் பாக்கலை. எல்லாத்துக்கும் காரணம் ஒரு பத்திரிகை.

மக சடங்குக்கு ஊருக்கெல்லாம் வாட்ஸப்புல பத்திரிகை அனுப்புனவ, கூடப் பொறந்த அண்ணனுக்கும் அப்படியே அனுப்பிட்டா. தாய்மாமனுக்குத் தட்டுல வெத்தலை பாக்கு வெச்சு, வீடு தேடிப் போய்ச் சொல்லணும் இல்லையா? "சீர் செய்யறவனுக்கு போன்லயாடி சேதி?" ன்னு ஒரு தடவை கத்தினான் கங்கையா. அதோட அவ நம்பரை பிளாக் பண்ணிட்டான். அம்மாவுக்கு போன் பண்ணத் தெரியாது. அம்மா செத்துப் போனாகூட எனக்குச் சொல்ல மாட்டாங்க, மொகம் பாக்காமலே எடுத்துடுவாங்க... இந்த பயம்தான் சிவசங்கரியை உள்ளுக்குள்ள அரிச்சுக்கினே இருந்தது.

போன பங்குனியில ஒரு நாள். வாசல்ல காயப்போட்ட கடலையைக் கூட்டிக்கினு இருந்தா. நல்ல வெயில். யாரோ நிக்கிற மாதிரி இருந்தது. நிமிர்ந்தா, தெரியாத ஆளு ஒருத்தன். தலையில துண்டு. கையில கோல். முட்டி வரைக்கும் புழுதி.

"வடமாலபேட்டையில, உங்க அம்மா வீட்டுல சாவு. வரச் சொன்னாங்க."

அவ்வளவுதான் பேசினான்.

சிவசங்கரியோட பாட்டன் காலத்துல, நிலம் இல்லாத அவங்க ஆளுங்கதான் அடுத்தவங்க வீட்டுச் சாவுச் சேதியை ஊர் ஊரா நடந்து போய்ச் சொல்லுவாங்க. சாவு சொல்ல வந்தவனை ஒண்ணும் கேக்கக் கூடாது. உக்காரச் சொல்லக் கூடாது. முறத்துல அரிசி கொடுத்து அனுப்பணும். இப்ப அப்படி யாரு நடக்கறா? ஆனாலும் பழக்கம் விடலை. யாரு செத்தாங்கன்னுகூடக் கேக்காம உள்ளே ஓடி, முறத்துல அரிசியை அள்ளிக்கினு வந்தா.

ஆளு இல்லை.

போகணும்னா அவன் அந்தக் கடலை மேல மிதிச்சுத்தான் போகணும். மொறமொறன்னு சத்தம் கேட்டிருக்கணும். கேக்கலை. கட்டிப் போட்ட நாயும் குரைக்கலை...

அதையெல்லாம் யோசிக்க அவளுக்கு ஏது நேரம்? போனை எடுத்தா. மணி நாலு பத்து. அண்ணனுக்கு அடிச்சா, போகலை. ஏர்பேடுல இருக்கிற சின்னம்மா ரத்னம்மாவுக்கு அடிச்சா.

"நானும் கெளம்பிட்டேண்டி. இப்பதான் ஆள் வந்து சொல்லிட்டுப் போறான்."

"ஆளா? உனக்கும் போன் வரலையா?"

"உங்கண்ணன் தெரியாதா? போன்ல சொன்னா மரியாதை இல்லைன்னு ஆள் விட்டிருப்பான்."

சிரஞ்சீவி வண்டியை எடுத்தான். "உனக்குப் பாடம் நடத்தறான்டி உங்கண்ணன், அம்மா சாவுலகூட" ன்னான். அவ அழுதுக்கினே வந்தா. புத்தூர்ல நிறுத்தி ஒரு மாலை வாங்கினாங்க.

வடமாலபேட்டை. தெருவுல மேளச் சத்தம் இல்லை. பந்தல் இல்லை. வாசல்ல கங்கையா பைக்கைக் கழுவிக்கினு இருந்தான். தங்கச்சியைப் பார்த்தான். அவ கையைப் பார்த்தான்.

"யாருக்கு மாலை?"



உள்ளேயிருந்து ஒரு குரல்...

"யாரு... சங்கரியா?"

அம்மா. உசுரோட.

ஓடிப்போய் கட்டில்ல விழுந்து கட்டிக்கினா. அழுகையா சிரிப்பான்னு அவளுக்கே தெரியலை. அப்ப வாசல்ல ஆட்டோ நின்ன சத்தம். ரத்னம்மா, மாலையோட. அவளுக்குப் பின்னால சித்தூர்லேர்ந்து சித்தப்பா மாசிலாமணி, மாலையோட. இன்னும் ஒரு வண்டி. இன்னும் ஒண்ணு...

"நீ ஆள் விடலையா கங்கையா?"

"நான் யாரையும் விடலையே."

"எப்ப வந்தான்?"

சித்தூர்ல நாலு பத்து. ஏர்பேடுல நாலு பத்து. அதே துண்டு. அதே கோல். அதே புழுதி.



சாவுக்குன்னு கெளம்பினவங்க பொணத்தைப் பாக்காம, தலை முழுகாம வீடு திரும்பக் கூடாது. அது அவங்க வழக்கம். அதனால யாரும் போகலை. மாலைங்களைச் சுவத்துல மாட்டிட்டு உக்காந்துட்டாங்க.

எல்லார் கண்ணும் அந்தக் கட்டில் மேல.

ஹ்ம்... ஹ்ம்... அம்மா மூச்சு விடற சத்தம்.

நடுவுல கொஞ்சம் நிக்கும். எல்லாரும் நிமிருவாங்க.

மறுபடியும்... ஹ்ம்...

கங்கையாவுக்குத் தாங்கலை. "எங்கம்மாவை ஏன்யா இப்பிடிப் பாக்கறீங்க? செத்தாதான் எழுந்து போவீங்களா? இருங்க, பால் வாங்கிக்கினு வரேன். டீயாவது குடிங்க" ன்னு எழுந்தான். வாசப்படியில நின்னு தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தான்.

"நேர்ல வந்துட்ட இல்ல. போதும் வுடு."

போனை எடுத்து என்னமோ தட்டினான். "பிளாக்கை எடுத்துட்டேன். இனிமே அடிச்சா எடுக்கறேன்."

பைக் சத்தம் மெயின் ரோட்டுப் பக்கம் போய்க் கரைஞ்சுது.

கொஞ்ச நேரம்.

சிவசங்கரி போன் அடிச்சுது. 'அண்ணன்'னு வந்தது. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம். சிரிச்சுக்கினே எடுத்தா.

"சொல்லுண்ணா."

பேசினது அண்ணன் இல்லை.

"அம்மா... ஈ போன் எவரிதம்மா?"

இந்த போன் யாருதுன்னு தெலுங்குல ஒருத்தன் கேட்டான். பின்னால லாரிங்க ஹாரன். மறுபடியும் கேட்டான். 

மாலைங்க தயாரா இருந்தது. சொந்தக்காரங்க யாருக்கும் சொல்லி அனுப்ப வேண்டிய வேலையே இல்லை. வர வேண்டியவங்க எல்லாரும் முன்னாடியே வந்திருந்தாங்க.

அந்த ஆளு யாருன்னு எவ்வளவோ விசாரிச்சாங்க. ஒரு ஊர்லயும் அவனை வேற யாரும் பாக்கலை.

அண்ணன் காரியம் முடிஞ்சு ஒரு நாள், சிவசங்கரி அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கினு இருந்தா. அம்மா வாசலையே பார்த்துக்கினு கெடந்தாங்க.

"அவன் மொதல்ல இங்கதான் வந்தான்."

"யாரும்மா?"

"அந்த ஆளு. வீட்டுல யாரும் இல்ல. வாசல்ல நின்னுக்கினு, யாரு யாருக்குச் சாவு சொல்லணும்னு கேட்டான். சாவு வூட்டுல வந்து கேப்பாங்களே... அப்பிடி. நான் ஒவ்வொரு பேரா சொன்னேன். மொதல்ல உன் பேரு."

சிவசங்கரி கரண்டியைக் கிண்ணத்துல வெச்சா.

"உன் மொகத்தைப் பாத்துட்டுப் போலாமேன்னு..."

அம்மா கண்ணை மூடிக்கினாங்க.

"எனக்குன்னு நெனச்சித்தாண்டி சொன்னேன்."