சுகுமாரனின் அமாவாசைகள்

சுகுமாரன் அமாவாசை தவறமாட்டான். ஜுருவில் கார் உதிரிபாகக் கடையில் வேலை. கடை அடைத்ததும் அப்படியே சுங்கை பாக்காப் தோட்டத்துக்குப் போய்விடலாம். ஆனால் கடல் பாலத்தைத் தாண்டித் தீவிலிருக்கும் ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்து, குளித்து, திருநீறு பூசி, மறுபடியும் பாலத்தைத் தாண்டுவான். காலமான அப்பா சுப்பையா பிறந்து வளர்ந்த தோட்டத்தில், செம்பனை மரங்களின் ஓரத்து முனீஸ்வரர் கோவிலில், அவர் பெயரைச் சொல்லி ஒரு அகல் விளக்கு.

"அப்பாவுக்கு இப்படிச் செய்ற ஆளு இந்தக் காலத்துல யாரு இருக்கா?" என்று அவன் மனைவி ரமணி அடுக்குமாடி லிப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் கேட்பாள்.

அவன் எடுத்துப்போகும் பைக்குள் தேங்காய், கற்பூரம், எண்ணெய். அடியில், வேட்டியில் சுற்றிய பைனாகுலர்.

முதல் வருடம் அது இல்லை. உண்மையாகவே விளக்கேற்றத்தான் போனான். ஏற்றிவிட்டுக் காருக்குத் திரும்பும்போது எதற்கோ அண்ணாந்து பார்த்தான். ஜார்ஜ்டவுன் நகர வெளிச்சத்தில் பிறந்தவன், இரவு வானம் என்றால் வெளுத்த காக்கித் துணியின் நிறம் என்றே இருந்துவிட்டவன். இங்கே வானம் கறுத்து, ஆழமாக இருந்தது. இறைத்துவிட்டாற்போல் நட்சத்திரங்கள். கழுத்து வலிக்கும்வரை நின்றான். அன்று முதல் நிலா இல்லாத இரவுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தான். அப்பாவை நினைத்தல்ல. வழியில் ஒரு தரம்கூட அவர் முகம் மனதில் வராது.

ஒரே தொந்தரவு அந்த அகல். இருட்டுக்குக் கண் பழகும் நேரத்தில் ஓரத்தில் நின்று குத்தும். சில மாதம் முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தான். பிறகு ஒரு நாள் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிட்டான். கிளம்பும்போது மறுபடி ஏற்றிவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். நட்சத்திரம் பார்த்த மயக்கத்தில் பல தடவை ஏற்றாமலே வந்துவிட்டான்.

ஆடி அமாவாசையன்றும் அணைத்தான். தெற்கே விருச்சிகம் முழுசாக ஏறியிருந்தது. கொடுக்கின் வளைவு, நெஞ்சில் அந்தச் செம்புள்ளி, பக்கத்தில் புகைபோல் பால்வீதி. இப்படியொரு இரவு இனி வாய்க்குமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ விழுந்த சத்தம்.

கோவிலைக் கூட்டிப் பெருக்கும் வடிவம்மாள். படியில் உட்கார்ந்து இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"வெளக்கு எரியும்னு நம்பி டார்ச்லைட் எடுக்காம வந்துட்டேன் தம்பி. படி தெரியல. காத்துல அணைஞ்சிருச்சோ?"

ஒரு செம்பனை ஓலைகூட அசையவில்லை.

"காத்துதான்க்கா" என்றான்.

எலும்பு முறிவு. மருத்துவமனையில் அவளோடு இருந்துவிட்டு வந்து, விழுந்ததை மட்டும் ரமணியிடம் சொன்னான். அவள் உடனே தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவருக்கு வயரிங் வேலை. மாமனார் பெயரில் கோவிலுக்கு ஒரு ஸ்பாட்லைட், அடுத்த அமாவாசைக்குள்.

"எதுக்குலா ஸ்பாட்லைட்? படிக்கிட்ட சின்ன பல்பு ஒண்ணு போதுமே" என்றான் சுகுமாரன்.

"மாமா பேருல செய்றோம், கஞ்சத்தனமா? மாசாமாசம் போறீங்க, அந்த அக்கா இருட்டுல தடவுறது உங்க கண்ணுல படவே இல்லியா?"

அவளுக்கு அதில் குத்தல் எதுவுமில்லை. அவன் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டான்.

அடுத்த அமாவாசைக்கு ரமணியும் வந்தாள். பாலத்தைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தான். தாண்டியாயிற்று. ஜுருவும் பின்னால் போயிற்று.

"ரமணி, நான் அங்க போறது அப்பாவுக்காக இல்ல. நட்சத்திரம் பார்க்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாவ மேல தேடுறீங்க. எனக்குத் தெரியாதா? எங்கம்மா போனப்ப நானும் அப்படித்தான் பார்த்துக்கிட்டு நின்னேன்."

"அதில்ல ரமணி, அந்த வெளக்க..."

"காடிய ஒழுங்கா ஓட்டுங்க. அழுதுகிட்டே ஓட்டாதீங்க."

அவன் அழவில்லை.

கோவில் முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். ரமணியின் அண்ணன் சுவிட்சைக் காட்டி, "மாப்பிள்ள, நீங்கதான் போடணும்" என்றார். சுகுமாரன் ஒரு தரம் மேலே பார்த்தான். மேகமே இல்லை. எல்லாம் இருந்தன.

வடிவம்மாள் இருட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "போடு தம்பி. எம்புட்டு நேரம் நிக்கிறது? கொசு புடுங்குது."

அக்கா, காற்று இல்லை, நான்தான் அணைத்தேன். சொல்லிவிட அவள் பக்கம் திரும்பினான். அதற்குள் ரமணி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இவரு இங்க நின்னு வானத்தப் பார்த்து அவங்கப்பாவத் தேடுவாராம்." யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

சுவிட்சை அழுத்தினான். வானம் போயிற்று. அந்த வெள்ளை வெளிச்சத்தில் அவன் கண்ணில் முதலில் பட்டது, வடிவம்மாள் கையிலிருந்த மாவுக்கட்டு. அந்தக் கையையும் சேர்த்து மெதுவாகத் தூக்கி, அவள் அவனைக் கும்பிட்டாள்.