ரெண்டு விரல் பரிசோதனை

மைதானத்தில் அவருக்குப் பெயர் ‘கரெக்ட் டைம்’. இரண்டு கையிலும் கடிகாரம் கட்டுவார். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளின் கால்பந்துக்கு நடுவர். தன் ஆட்டம் ஒன்றுகூட ஒரு நிமிடம் தாமதமாக முடிந்ததில்லை என்பார். வேறு யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

வார நாட்களில் தண்ணீர் வாரியத்தில் எழுத்தர். அங்கே அவர் பேச்சை மேசை மின்விசிறிகூடக் கேட்காது. அதனால்தானோ என்னவோ, விசில் வாயில் ஏறியதும் ஆள் ஒரு சாண் உயர்ந்துவிடுவார். விசிலை வெந்நீரில் கழுவித் துணியில் சுற்றி வைப்பார். நடுவர் சங்கம் கொடுத்த விதித்தாளை மட்டும், படித்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஈரம் உறிஞ்ச ஷூவுக்குள் திணித்துவிட்டார். அதில் இருந்தது ஒரே விஷயம்: தலையில் அடிபட்ட பிள்ளைக்கு மூளை அதிர்ந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே வெளியே அனுப்பு, அன்று மறுபடி இறக்காதே.

அவரிடம் சொந்தமாக ஒரு பரிசோதனை இருந்தது. விழுந்த பிள்ளையின் முன் இரண்டு விரலை நீட்டி எத்தனை என்று கேட்பார். எப்போதும் இரண்டுதான். மூன்றாவது விரலுக்கு என்ன கேடோ. பிள்ளைகளுக்கெல்லாம் விடை மனப்பாடம்.

அன்று கோல்கீப்பர் பெண், பதினாலு வயது, பந்துக்குப் பாய்ந்து கம்பத்தில் தலை மோதி விழுந்தாள். சத்தம் எல்லைக்கோடு வரை கேட்டது. அங்கே கொடி பிடித்து நின்ற துணை நடுவர், தையல்கடை அக்கா, ஓடி வந்தார். கரெக்ட் டைம் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பெண்ணை. இன்னும் ஒன்பது நிமிடம்.

“எத்தனை விரல்மா?”

“ரெண்டு சார்.”

அவர் இன்னும் கையையே தூக்கவில்லை. ஆனாலும் தெளிவாகத்தான் இருக்கிறாள் என்று தீர்ப்புச் சொல்லி விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். எழுந்த பெண் அக்காவின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, மேட்ச் எப்ப ஆரம்பிக்கும்?”

அக்கா கொடியைக் கீழே போட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“நீ என்னம்மா, டாக்டரா?” என்றார் கரெக்ட் டைம்.

“இல்ல சார். அதனாலதான் வெளிய கூட்டிட்டுப் போறேன்.”

பெஞ்சில் உட்கார்ந்ததும் பெண் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இன்னொரு அடி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்வதற்கில்லை என மருத்துவமனையில் அவள் அம்மாவிடம் சொன்னார்கள். மூன்று வாரம் வெளிச்சத்தைப் பார்த்தாலே தலைவலி. புத்தகத்தைத் திறக்க முடியவில்லை. கரெக்ட் டைமின் ஆட்ட அறிக்கையில் தலைக்காயம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்றும், துணை நடுவர் அனுமதியின்றி இடம் பெயர்ந்தார் என்றும் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது.

சங்கம் கூப்பிட்டுக் கேட்டபோது முறையை மாற்றிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். மாற்றியும் விட்டார். இப்போது மூன்று விரல் காட்டுகிறார். அந்த வாரம் புதன்கிழமைக்குள் பிள்ளைகளுக்கு அதுவும் தெரிந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பிய பெண், ஆட்டம் தொடங்குமுன் ஒன்றைத்தான் கேட்கிறாள்: தையல்கடை அக்கா இன்றைக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்று.