ரோடே இல்லாத ஊரிலிருந்து ஒரு ரோடு டெஸ்ட்

அந்தக் காருக்குள் எப்போதும் ஊதுபத்தி வாசனை. நான் ஏறி உட்கார்ந்ததும் அதோடு இறால் வாசனையும் சேர்ந்துகொள்ளும். டிரைவிங் மாஸ்டர் ஜன்னல் கண்ணாடியை அடிவரைக்கும் இறக்குவார்.

பொன்னேரியில் ஒரு டிரைவிங் ஸ்கூல். ஸ்கூல் என்றால்... ஒரு பழைய கார், அதன் முன்னால் சிவப்பு எழுத்தில் ஒரு L, பக்கத்து சீட்டில் தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கும் கிளட்சும் வைத்திருக்கும் மாஸ்டர். கல்வி நிறுவனம் அவ்வளவுதான்.

நான் பசியாவரத்துக்காரன். பழவேற்காட்டு ஏரிக்கு நடுவே இருக்கிற தீவு. அன்றைக்கு அங்கே கார் போகிற ரோடு என்று ஒன்று கிடையாது. படகில் கரைக்கு வந்து, திருப்பாலைவனம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து, பொன்னேரியில் இறங்கி, கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, மறுபடி படகில் வீட்டுக்குப் போவேன். இதில் சிரிக்க ஏதாவது இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

எனக்கு அவசரம். மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேன் டிரைவர் வேலை காலியாக இருந்தது. லைசென்ஸோடு வா, ரொம்ப நாள் காத்திருக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். ராத்திரியில் படுத்தால் கால் தானாகக் கிளட்சை மிதிக்கும். ஏரியையே பார்த்துக்கொண்டு வாழ்ந்துவிடுவேனோ என்று பயம்.

நைனா தடுக்கவில்லை. வாயால் தடுப்பது அவர் வழக்கமில்லை. நான் கிளம்பும் நேரம் பார்த்து வலையின் ஒரு முனையை என் பக்கம் தள்ளி வைப்பார், அவ்வளவுதான்.

வகுப்பில் என் எதிரி என் கைதான்.

எங்கள் படகுக்கு எஞ்சின் பின்னால் இருக்கும். கைப்பிடியை வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் போகும். மீசை முளைக்கும் முன்பே என் கை இதைப் படித்துவிட்டது. மாஸ்டர் "லெஃப்ட்" என்றதும் அது வலது பக்கம் போனது. அங்கே ஒரு கரும்பு ஜூஸ் வண்டி நின்றிருந்தது. மாஸ்டரின் பிரேக் எதற்கு என்று அன்றைக்குப் புரிந்தது.

"இன்னாபா, லெஃப்ட்னா ரைட்ல போற? என் மேல எதுனா கோவமா?"

படகு விஷயத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "சரி, இனிமே நான் ரைட்டுனு சொன்னா நீ லெஃப்ட்ல போ" என்றார். அடுத்த முறை அவர் "ரைட்" என்றார். பாடம் தொடங்கியதிலிருந்து முதல்தடவையாக அவர் சொன்ன வார்த்தைப்படியே செய்தேன். ரைட்டிலேயே போனேன்.

அப்புறம் பிரேக். படகுக்கு அது கிடையாது. கரைக்குத் தூரமாக இருக்கும்போதே எஞ்சினை அமர்த்தினால், தானாக மிதந்து போய்ச் சேரும். காரிலும் அதையே செய்தேன். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கார் நிற்பதற்காகக் காத்திருந்தேன். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன.

"நிறுத்துனு சொன்னேன். நீ இன்னா, வேண்டிக்கினு உக்காந்துனு கீற?"

டெஸ்ட் தேதி வந்தது. அதே நாளில் எங்கள் பாடும் வந்தது. ஏரியில் மீன் சேருகிற இடங்களில் யார் எப்போது வலை கட்டலாம் என்று எங்கள் ஊரில் முறை உண்டு. அதைத்தான் பாடு என்போம். தவறவிட்டால், மற்ற எல்லாருடைய முறையும் முடிந்தபிறகுதான் திரும்ப வரும். வலைக்கு ஆள் குறையக்கூடாது என்பதால் தம்பி அன்றைக்குக் காலேஜுக்குப் போகவில்லை.

நைனா படகில் ஏறும்போது சொன்னார்: "போய்ட்டு வா. லைசென்ஸ் வந்தா வண்டி ஓட்டு. வரலைனா அடுத்த பாட்டுக்கு நீ என்கூட. அதுக்கப்புறம் பொன்னேரி பேச்சு எடுக்கக்கூடாது."

சரி என்றேன். வேறென்ன சொல்ல...

பஸ்ஸில் ஒரு யோசனை வந்தது. ஸ்டியரிங்கை மேலே பிடிக்காமல் அடியில் பிடித்தால், கை வலது பக்கம் போகும்போது கார் இடது பக்கம் திரும்பும். படகு மாதிரியே! இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

இன்ஸ்பெக்டர் மடியில் ஃபைலோடு பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. அவர் சொன்ன முதல் வார்த்தை: "கையை மேல வைப்பா."

வைத்தேன்.

"லெஃப்ட்ல திருப்பு."

கை எதையும் நம்பாமல் சும்மா இருந்தது. கார் நேராகப் போனது. பிறகு யாரோ தள்ளிவிட்டது போல கை இடது பக்கம் போனது, காரும் போனது, ஓரத்தில் படுத்திருந்த எருமையும் எழுந்து போனது.

"நிறுத்து."

பழக்கத்தில் காலை எடுத்தேன். நினைவு வந்ததும் இத்தனை நாள் பாக்கியையெல்லாம் சேர்த்து பிரேக்கை மிதித்தேன். ஃபைல் அவர் மடியிலிருந்து கீழே போனது. குனிந்து எடுத்துத் தூசி தட்டினார். ஓடிவந்து ஜன்னலருகே நின்ற மாஸ்டரைப் பார்த்து, "வண்டியில பிரேக் நல்லா புடிக்குதே" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் எனக்கா வண்டிக்கா என்று இன்றுவரை தெரியாது.

ஊருக்குத் திரும்பியபோது நைனாவும் தம்பியும் வலையை அலசிக்கொண்டிருந்தார்கள். பாஸ் என்று சொன்னேன். நைனா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு தம்பி பக்கம் திரும்பி, "அடுத்த பாட்டுக்கும் நீயே வந்துடு" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் வலையைப் பார்த்தேன்.

வேன் போய் லாரி வந்தது. இப்போது ஓட்டும் வண்டிக்கு ஏசி, ஒரு விரலால் சுற்றுகிற ஸ்டியரிங். அன்றைக்கு ஏரியில் உட்கார்ந்து ரோட்டை நினைத்துத் தவிப்பேன். இன்றைக்கு ரோட்டிலும் அந்தத் தவிப்பு குறைந்தபாடில்லை... எதை நினைத்து என்றுதான் தெரியவில்லை.

எப்போதாவது பழவேற்காட்டுக்கு லோடு வரும். தம்பி படகிலிருந்து கை காட்டுவான். நான் லாரியை ஒடித்துத் திருப்பி, ஏரிக்கு முதுகு காட்டி நிறுத்துவேன். கிளம்புவதற்கு அதுதான் வசதி என்று சொல்லிக்கொள்வேன்.