இடது தோள்

துரைராசுவின் இடது கை முதன்முதலாக மரத்துப்போனது ஆனி மாதத்தில், மேட்டூர்த் தண்ணீர் ஊர் வாய்க்காலுக்கு வந்த மூன்றாம் நாள். வரப்பில் நின்றவர் அப்படியே சேற்றில் சாய்ந்தார். வாடகைக் காரில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பு. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரிப் படுக்கை. வயது நாற்பத்தாறுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகவே சொன்னார்.

"படுத்தே கிடக்காதீங்க. தினமும் நடங்க. முதல் வாரம் தெருக்கோடி வரைக்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்குங்க. நெஞ்சோ கையோ வலிச்சா உடனே நின்னுடணும், நாக்குக்கு அடியில இந்த மாத்திரையை வச்சுக்கணும். மண்வெட்டியை மட்டும் ஆறு மாசத்துக்குத் தொடக் கூடாது."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவர் மனைவி அகிலாண்டம் விரல்விட்டு மாதங்களை எண்ணினாள்.

அவர்கள் பயிரிட்ட இரண்டு ஏக்கரும் கும்பகோணத்தில் குடியிருந்த சாரங்கபாணிக்குச் சொந்தம். கழக ஆட்சி வந்து குத்தகைதாரர் பதிவேடு போட்டபோது துரைராசு துணிந்து தன் பெயரைப் பதிந்துகொண்டார். அன்றோடு கசந்தது உறவு. இப்போது, 'இந்த ஆள் உடலுழைத்துப் பயிர் செய்வதில்லை, நிலத்தைத் திருப்பித் தர வேண்டும்' என்று சாரங்கபாணி மனுப் போட்டிருந்தார். புரட்டாசியில் தாசில்தார் நேரில் வந்து பார்ப்பதாக இருந்தது. மண்வெட்டி தொடாதவனை யார் சாகுபடிக்காரன் என்பார்கள்?

"குடல் புண்ணுன்னு சொல்லிடுவோம்," என்றார் துரைராசு. ஊர் நம்பியது.

முதல் வாரம் தெருக்கோடி. இரண்டாம் வாரம் வாய்க்கால் மதகு. அங்கேதான் ஒரு காலையில் சாரங்கபாணியின் காரியக்காரர் தியாகராசன் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார்.

"என்னய்யா துரைராசு, கையை வீசிக்கிட்டு? காத்து வாங்கவா?"

"வயலைப் பாக்கப் போறேங்க."

"வயலைப் பாக்குறது எங்க முதலாளி வேலையில்ல? நீ உழைக்கிறவன்னுல்ல எழுதி வச்சிருக்கே."

சிரித்துக்கொண்டே பெடலை மிதித்தார் தியாகராசன். அந்தச் சிரிப்பு துரைராசுவின் முதுகில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்தது.

மறுநாள் அவர் தோளில் மண்வெட்டி ஏறியது.

"டாக்டர் சொன்னது காதுல விழலையா?" என்று வாசலை மறித்தாள் அகிலாண்டம்.

"வெட்டவா போறேன்? அது பாட்டுக்குத் தோள்ல கிடக்கப் போவுது. நடக்கத்தானே சொன்னாரு, நடக்குறேன்."

ஆனால் மண்வெட்டியோடு போகிறவரை வயல்காடு சும்மா விடுமா? "அண்ணே, போற போக்குல அந்த மடையைக் கொஞ்சம் திறந்து விடுங்களேன்" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். மறுத்தால் ஏன் என்பார்கள். இரண்டு வெட்டு. இன்னொரு நாள் ஐந்து வெட்டு.

இத்தனைக்கும் நடை அவருக்கு நல்லதைத்தான் செய்தது. ஆவணி முடிவதற்குள் பம்புசெட் கொட்டகையைத் தாண்டி தார்ச்சாலை வரை மூச்சு வாங்காமல் போய்வந்தார். பசி திரும்பியது, முகத்தில் நிறம் வந்தது. அகிலாண்டம் மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள். பாவம், அவள் நிறத்தைத்தான் பார்த்தாள்.

புரட்டாசி பிறந்ததும் இடது தோள் வலித்தது. மண்வெட்டி அழுத்துகிறது என்று நினைத்தார் துரைராசு. அதை வலது தோளுக்கு மாற்றினார். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள்.

வலி இடது தோளிலேயே இருந்தது.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரைப் புட்டியைத் தற்செயலாகத் திறந்த அகிலாண்டம்தான் அதில் பாதிகூட இல்லாததைக் கண்டாள்.

"எத்தனை நாளா?"

"நாளன்னைக்கு தாசில்தார் வர்றாரு. அது வரைக்கும் பொறு."

"நிலம் போனாப் போவுது. நீங்க போயிட்டா?"

"நிலம் போயிட்டா, நான் இருந்தாலும் என்னத்தைச் சாப்பிடுவோம், சொல்லு."



தாசில்தார் வந்த அன்று வானம் மூடிக் கிடந்தது. நடவு முடிந்த வயலில் காற்று அசையவில்லை. தாசில்தார் வரப்பில் நின்று பதிவேட்டைப் புரட்டினார். பின்னால் நின்ற தியாகராசன் பணிவாகக் குனிந்தார்.

"அய்யா, அந்த வரப்பு உடைஞ்சிருக்கு. அடைச்சுக் காட்டச் சொல்லுங்க. உழைக்கிற கை எதுன்னு தெரிஞ்சிடும்."

துரைராசு சேற்றில் இறங்கினார். முதல் வெட்டு. இரண்டாம் வெட்டு. மூன்றாவதற்கு ஓங்கியபோது அவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை நிற்பதை அகிலாண்டம் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. சேலையோடு சேற்றில் பாய்ந்து மண்வெட்டியைப் பிடுங்கினாள்.

"அய்யா, இவருக்கு நெஞ்சு நோய். வெட்டினாச் செத்துப்போவாரு. நாத்துப் பறிச்சது நான், நட்டது நான், களை எடுக்கப் போறதும் நான். பொம்பளை செஞ்சது கணக்குல வராதுன்னா எடுத்துக்கச் சொல்லுங்க அவங்க நிலத்தை."

தாசில்தார் நிமிர்ந்தார்.

"யாரும்மா வராதுன்னு சொன்னது? குடும்பத்துல யாரு உழைச்சாலும் அது குத்தகைதாரர் உழைப்புத்தான். சட்டத்துலயே இருக்கு. இதுக்காகவா நோயை மறைச்சு அவரை மண்வெட்டி பிடிக்க விட்டீங்க?"

ஒரே ஒரு ஆளிடம் கேட்டிருந்தால் போதும். கேட்டால் நோய் வெளியே வருமே என்று யாரிடமும் கேட்கவில்லை. அகிலாண்டம் கணவர் பக்கம் திரும்பினாள். துரைராசு வரப்பில் சாய்ந்து, இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

தாசில்தாரின் ஜீப்பில்தான் தஞ்சாவூர் போனார்கள். உயிர் தங்கியது. ஆனால் இதயத்தின் ஒரு பகுதி செத்துவிட்டது என்றார் டாக்டர். இன்னொரு முறை வந்தால் தாங்காது.

தை மாதம் மனு தள்ளுபடியானது. நிலம் அவர்களிடமே இருந்தது. துரைராசு மறுபடியும் தெருக்கோடியிலிருந்து நடை பழகினார். இந்த முறை, பேசிக்கொண்டே நடக்க வேண்டும், பேச முடியாமல் போனால் அதுதான் நிற்க வேண்டிய இடம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அகிலாண்டமும் கூடவே நடந்தாள், பின்னால் அல்ல, பக்கத்தில். ஊர் பார்த்துச் சிரித்தது. அவள் பொருட்படுத்தவில்லை.

ஒரு நாள் மதகருகே அவர் பேச்சு நின்றது. அகிலாண்டத்தின் கால்களும் நின்றன. திரும்பிப் பார்க்கப் பயந்தாள்.

"ஏன் பேசல?"



"எலி வளை ஒண்ணு தெரியுது. அதான் பாத்தேன்."

"பாக்குறதைப் பேசிக்கிட்டே பாருங்க," என்றாள்.