ஒரே இடத்தில் மின்னிய வெளிச்சம்

திருவனந்தபுரத்தில் கணக்கர் வேலை கிடைத்து, தனி அறையில் தங்கியிருந்தேன். மனைவி வள்ளியூரில். தினமும் போனில் "சாப்பிட்டாச்சா?" என்பதற்கு மேல் எங்கள் பேச்சு நீளாது.

ஒருநாள் இருட்டியதும் மொட்டைமாடியில் நின்று பேசும்போது, வரிசையாய் நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்கு அருகே ஏதோ மின்னி மறைந்தது. சற்றுப் பொறுத்து அதே இடத்தில் மறுபடியும் மின்னியது. விமானமென்றால் நகர்ந்திருக்குமே! அவளையும் வெளியே வந்து பார்க்கச் சொன்னேன்.

"ஒண்ணும் தெரியலயே" என்றவள் சட்டென்று, "ஏங்க, இங்கயும் மின்னுச்சு!" என்று கத்தினாள். அதே நொடியில் நானும் பார்த்தேன்.

நட்சத்திரங்கள் மேற்கே சரிந்த பிறகும் அது நின்ற இடத்திலேயே மின்னியது. வானம் பார்க்கும் பழக்கமுள்ள அலுவலக நண்பர், ஒரு மலையாளி, மறுநாள் விளக்கினார். "அது கேடாய, கெட்டுப்போன சாட்டிலைட்டாக்கும். பூமியோட சேர்ந்தே சுத்தும், அதான் நகராது. உருளும்போ சூரிய வெளிச்சம் பட்டு மின்னும்."

அன்று இரவு அதை அவளிடம் சொன்னேன்.

"இப்பவும் அதத்தான் பாத்துட்டு நிக்கேன். வீட்ல பேச வேற யாரு இருக்கா?" என்றாள்.

தனிமை எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றுதான் முதன்முறையாக, "நீ எப்படி இருக்க?" என்று கேட்டேன். அவள் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.