கை தானாகப் போகும் இடம்

வெண்ணந்தூரிலிருந்து போன் வந்தபோது சாயங்காலம். கடையை மகனிடம் விட்டுவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். "மல்லிகா அக்கா போயிட்டாங்க" என்றார் அவர் தம்பி. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழவில்லையாம். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

ராசிபுரத்தில் எங்கள் எலக்ட்ரிகல் கடைக்கு வந்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். கடையில் பாதி அவருடையது. சரக்கு எடுப்பதும் பேரம் பேசுவதும் என் வேலை. ஸ்டூலில் உட்கார்ந்து, வீடு கட்டுகிறவர்களிடம் கதை கேட்பது அவர் வேலை. சுவிட்சுகளைப் பரப்பி நான் விலை சொல்ல ஆரம்பித்தால், "இரு தம்பி" என்பார். "காலைல எந்திரிச்சா எந்தப் பக்கம் கால வைப்பீங்க?" என்று வந்தவரைக் கேட்பார். வந்தவர் கேள்வி புரியாமல் முழிப்பார். எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அந்த ஆள் தன் மச்சானையும் எங்கள் கடைக்கே அனுப்புவார்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம். வயரிங் முடிந்து, பூச்சும் ஆன பிறகுதான் வாஸ்துக்காரரைக் கூட்டி வருவோம். அவர் கதவு திறக்கும் பக்கத்தை மாற்றச் சொல்வார். கதவு மாறும், சுவிட்ச் பெட்டி மாறாது. பிறகு ஆயுசுக்கும் உள்ளே போய், கதவைச் சாத்தி, அதன் பின்னால் துழாவ வேண்டியதுதான். "ஈசானி மூலையெல்லாம் பாத்தீங்க, கைய ஆரு பாத்தா?" என்பார் அக்கா. நான் வீடு கட்டியபோது வாஸ்துக்காரரை முதலிலேயே வரவழைத்தது அவர்தான்.

அப்போது என் மனைவி சரசுவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரசு புது வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். வாடகை வீட்டின் சுவர்கள் அவளுக்குப் பழக்கம்.

"புது ஊட்டுல நான் தொலைஞ்சு போயிருவனுங்க்கா."

"வா சாமி, தொலைஞ்சுதான் பாக்கலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார் அக்கா.

சுவர் பூசாத வீடு. ஈரச் சிமெண்ட் வாசனை. ஜன்னல் வைக்காத திறப்புகள் வழியே வெயில் தரையில் சதுரம் சதுரமாகக் கிடந்தது. அக்கா சொன்னபடி சரசு கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள், தூக்கத்தில் எழுந்து நடப்பவளைப் போல. வெயிலுக்குள் போனாள், நிழலுக்குள் போனாள். அவள் கை தானாகப் போய்ச் சுவரில் படிந்த இடத்திலெல்லாம் அக்கா சாக்பீஸால் வட்டம் போட்டார். செங்கலில் உள்ளங்கை உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த வீடே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல எனக்குத் தோன்றியது.

எலக்ட்ரீசியன்தான் முனகினார். "ஒரே மட்டத்துல இல்லீங்களே, பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கறவங்களா வந்து வெளக்குப் போடப் போறாங்க? வட்டம் போட்ட எடத்துலயே பெட்டிக்குக் காடி வெட்டு சாமி."

கடைசி வட்டம் கூடத்தில் விழுந்தது. சரசு கண்ணைத் திறந்தாள். "முழுசா இருட்டாயிருச்சுன்னா எனக்குச் சுவிட்சு எதுக்குங்க்கா?"

அக்கா கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டினார். "வர்றவங்க இருட்டுலயா உக்காருவாங்க? வெளக்குப் போடறது ஊட்டுக்காரி வேலை."

சரசு குடிவந்தாள். இப்போது அவளுக்கு வெளிச்சமும் தெரிவதில்லை.

போன் வந்த அன்று சாயங்காலம், நாற்காலியில் நான் அப்படியே இருந்தபோது, படுக்கையறையிலிருந்து அவள் வந்தாள்.

"ஏனுங்க, வந்து எத்தன நேரமாச்சு? சுவிட்சுச் சத்தமே கேக்கல."

கை துழாவவில்லை. நேராகப் போனது. கூடம் முழுக்க வெளிச்சம் வந்தது.

"அக்கா போயிட்டாங்க, சரசு" என்றேன். அவள் சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள்.

பூச்சுக்கு அடியில் அந்தச் சாக்பீஸ் வட்டங்களின் மிச்சம் இன்னும் இருக்கும். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை அவைதான். இருவரும் வெண்ணந்தூருக்குக் கிளம்பும்போது விளக்கை அணைக்கப் போனேன்.

"எரியட்டுங்க" என்றாள் சரசு.