லைட் வேலை

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் 'லைட்' என்றால் வெளிச்சம் இல்லை. உடம்புக்கு முடியாதவர்களுக்குக் கொடுக்கும் லேசான வேலைக்குத்தான் லைட் வேலை என்று பெயர். நாற்றுப் பைக்கு மண் நிரப்புவது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, அந்த மாதிரி. அதைக் கேட்டு வாங்குவதற்குள் இருக்கிற உயிரும் போய்விடும். நான் படித்தது வெளிச்சத்தைப் பற்றி. இரண்டையும் ஒன்றாக்கிய பெருமை எனக்கு மட்டுமே உண்டு.

விரலின் ஒரு பக்கம் ஒளியைப் பாய்ச்சி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்த்து, ரத்தம் போதுமா என்று சொல்லும் கருவி ஒன்று செய்தேன். ஊசி வேண்டாம், ஒரு சொட்டு ரத்தமும் வேண்டாம். தசைக்குள் போய்வரும் ஒளி, உள்ளே பார்த்ததை வந்து சொல்லும் என்று வகுப்பில் முதன்முதலாகக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வித்தையைக் கண்டுபிடித்த பெரியவர்களை இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

நான் அதை மலிவாக, தோட்டத்துப் பெண்களுக்காகச் செய்தேன். பச்சை விளக்கு எரிந்தால் கொழுந்தெடுக்கப் போகலாம். சிவப்பு எரிந்தால் ரத்தசோகை. மாத்திரையும் லைட் வேலையும் உண்டு. எஸ்டேட் டிஸ்பென்சரியில் மாதாமாதம் விரல் வைத்தார்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் பச்சை. அம்மாவுக்கும் பச்சை. மேடேறினால் மூச்சு வாங்குகிறது என்று அவள் போனில் சொன்னபோது, "மிஷின் பச்சைன்னு சொல்லுதுல்ல, சும்மா இரும்மா" என்று அதட்டினேன்.

கருவிக்கு ஒரு விருது கிடைத்தது. உடனே எஸ்டேட்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாராட்டு விழா வைத்தார்கள். மலையாளியான மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "அம்மையெ மேடைக்கு விளிங்க. மோளோட மெஷின்ல விரல் வைக்கட்டும்" என்றார்.

அம்மா புதுப் புடவையில் வந்து வலது கையை நீட்டினாள். சிவப்பு எரிந்தது.

கூட்டம் சிரித்தது. துடைத்து மறுபடி வைத்தேன். சிவப்புதான். அம்மா பதறிப்போய் என் காதில் சொன்னாள்: "நல்லாத்தேன்டி தேச்சேன். இருந்த ரெண்டு எலுமிச்சங்காயும் இந்த வலது கைக்கே தீந்துபோச்சு. நல்ல காரியத்துல இடது கையை யாரு பாக்கப் போறான்னு விட்டுட்டேன்."

கொழுந்து வெட்டும் கத்தரி வந்த பிறகும் ஓரக் கொழுந்தைக் கையால்தான் ஒடிக்கிறார்கள். அந்தக் கறை விரலிலும் நகக்கண்ணிலும் கறுப்பாக ஏறி நிற்கும்; எலுமிச்சங்காய் தேய்த்தால்தான் போகும். ரத்தத்தைப் போலவே கறையும் ஒளியைத் தடுக்கும். என் கருவி அதையும் ரத்தமென்று எண்ணிக்கொள்ளும். நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் கல்லூரிப் பிள்ளைகளின் சுத்தமான விரல்களில். கொழுந்துக் கூலியில் படித்த நான் கொழுந்துக் கறையை மறந்திருந்தேன். இந்தச் சிவப்புதான் உண்மை, இத்தனை மாதப் பச்சையும் பொய் என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அடுத்துச் செய்ததைப் புரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

"குளிருக்கு விரல் விறைச்சிருக்கு, அதான்" என்று மைக்கில் சொன்னேன். அம்மாவின் இடது கையைப் பிடித்து இழுத்து, அந்தக் கறுப்பு விரலைக் கருவிக்குள் திணித்தேன். பச்சை எரிந்தது. கைதட்டினார்கள். மேனேஜர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பியதும் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம், அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

மறுநாளே அம்மா லைட் வேலை கேட்டிருக்கிறாள். "நேத்து ஊரே பாக்கப் பச்சை எரிஞ்சுச்சேக்கா. உங்க மக செஞ்ச மிஷினு பொய்யா சொல்லும்?" என்று சிரித்து, சூப்பர்வைசர் அவளை மேல்மலைக்கு அனுப்பிவிட்டான். கொழுந்துச் சாக்கோடு சரிவில் மயங்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசியால் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், இவ்வளவு குறைந்த ரத்தத்தோடு இவரை மலையேற விட்டது யார் என்று கேட்டார். வெளியே வந்து டிஸ்பென்சரிக்குப் போன் போட்டுக் கருவியை நிறுத்தச் சொன்னேன். பிறகு அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, கறை, பொய், மேடை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரத்தம் ஏற்ற நர்ஸ் வந்து இடது கையைக் கேட்டாள். அம்மா அதைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இந்தக் கை வேணாம் சிஸ்டரே. எம் மக மிஷினையே ஏமாத்திப்புட்ட கை" என்றாள்.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். போர்வைக்குள் கைவிட்டு, அந்தக் கையை நான்தான் மறுபடியும் வெளியே இழுத்துக் கொடுத்தேன்.